ஒரே ஒரு வார்த்தை தெரிந்த சுவிட்ச்

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டலில், ஒரு காலத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. ஆறு பேர் வட்டமாக உட்காரலாம். பக்கத்துத் துளைகள் வழியாகத் தண்ணீர் பீறிட்டு வந்து முதுகைப் பிடித்துவிடும். வாசலில் ஸ்பா என்று போர்டு மாட்டி வைத்திருந்தார்கள்.

அந்தத் தொட்டியின் வயிற்றுக்குள் நான்கு பேர் குடியிருந்தார்கள். தண்ணீரை இழுத்துத் தள்ளுகிற பம்ப். அழுக்கைப் பிடித்து வைக்கிற ஃபில்டர். தண்ணீரைச் சுட வைக்கிற ஹீட்டர். நான்காவது ஆள், கட்டைவிரல் அளவே இருந்த ஒரு சுவிட்ச்.

சுவிட்சுக்கு வேலை ஒன்றுதான். குழாய்க்குள் ஒரு சின்னத் தகட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் வேகமாக ஓடினால் தகடு சாயும். ஹீட்டருக்குக் கரண்ட் போகும். தண்ணீர் போதாவிட்டால் தகடு நிமிர்ந்துவிடும், கரண்ட் நின்றுவிடும். அப்போது தொட்டி விளிம்பில் இருக்கும் திரையில் 'ஃப்ளோ' (FLO) என்று மூன்று ஆங்கில எழுத்துகள் எரியும். ஓட்டம் இல்லை, பாருங்கள் என்று அர்த்தம்.

நான்கு பேரும் தங்களுக்குள் எல்லாம் பேசிக்கொள்வார்கள். ஆனால் வெளியே இருக்கிற மனிதர்களுக்கு அதெல்லாம் வெறும் உறுமல். மனிதர்களிடம் பேசச் சுவிட்சுக்கு இருந்தது அந்த ஒரே வார்த்தைதான்.

ஹோட்டல் நொடித்துப்போய் மூடும் சமயத்தில் சுவிட்ச் அந்த வார்த்தையைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. காரணம் ஃபில்டர். வந்த விருந்தாளிகள் பூசியிருந்த எண்ணெய், கிரீம், முடி, சோப்பு நுரை எல்லாம் அதன் மடிப்புகளில் வருஷக்கணக்காகச் சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தது. ஒருவரும் அதைக் கழுவியதில்லை. ஆனால் அதன் மேல்மூடியை மட்டும் துணியால் துடைத்து வைப்பார்கள். மேலே இருந்து பார்த்தால் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

ஹோட்டல் மேனேஜர் துரைக்கண்ணுவுக்கு இந்த விஷயம் தெரியும். சாமான்களை விற்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டதும், தொட்டியை ஓட்டிப் பார்த்தார். ஃப்ளோ என்று வந்தது. ஃபில்டரைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கழுவிப் போட அவருக்குப் பொறுமை இல்லை. விற்கிற பொருளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

வாங்க வந்தவர்கள் சந்தியாகுவும் அவர் மனைவி செசிலியும். சந்தியாகு வத்தலக்குண்டு மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். இடுப்பு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. தினமும் இருபது நிமிஷம் வெந்நீரில் உட்காருங்கள் என்று பிசியோதெரபி டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக் குளியலறையில் ஒரு வாளி வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. ஹோட்டலில் நாற்காலி மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்தவர், தொட்டியைப் பார்த்ததும் நாற்காலியை மறந்துவிட்டார்.

தொட்டியிலிருந்து ஆவி பறந்தது. சந்தியாகு முழங்கை வரை கையை விட்டார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"பம்பைப் போடட்டுமா சார்?" என்றார் துரைக்கண்ணு. போட்டதும் தண்ணீர் திமிறிக்கொண்டு வந்து சட்டையை நனைத்தது.

செசிலி தையல்காரி. திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். எந்தத் துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். தொட்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள்.

"பச்சைத் தண்ணியை ஊத்தி, அதைச் சூடு பண்ணிக் காட்டுங்களேன்."

"அக்கா, சுடுதண்ணில கைய வெச்சுக்கிட்டு, சூடு பண்ணிக் காட்டுன்னா நான் என்ன செய்யறது?"

"தண்ணி சூடா இருக்கு. சரி. யாரு சூடு பண்ணதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கேட்டது சரியான கேள்வி. தொட்டி தானே சூடாக்க ஒரு நாள் ஆகும் என்று, அந்தத் தண்ணீரை விடிகாலையில் சமையலறைப் பாய்லரிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருந்தார்கள். அது உள்ளே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். சொல்லத்தான் வழியில்லை.

"செசிலி, எல்லாத்தையும் துணி மாதிரி இழுத்து இழுத்துப் பாக்காத," என்றார் சந்தியாகு. "என் இடுப்பு சொல்லுது. இது நல்ல தொட்டி."

"உங்க இடுப்புக்கு எப்பங்க வாய் முளைச்சுது?"

குழாய்க்குள் சுவிட்சின் தகடு நன்றாகச் சாய்ந்துதான் இருந்தது. ஃபில்டர் இல்லாததால் ஓட்டம் பிய்த்துக்கொண்டு போனது. ஓட்டம் இருந்தால் சாய வேண்டும், சாய்ந்தது. அது பொய் சொல்லவில்லை. ஆனாலும் யாரோ சொன்ன பொய்க்குத் தானும் தலையாட்டியது போல அதற்குக் கூச்சமாக இருந்தது.

தொட்டியை எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். சந்தியாகு வீட்டுக் கேட்டில் அது நுழையவில்லை. கேட்டைக் கழற்றினார்கள். அப்போதும் நுழையவில்லை. கடைசியில் தூணை இடித்தார்கள். செசிலி இடுப்பில் கைவைத்து நின்று, தூண் விழுவதைப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தது சந்தியாகுவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் தொட்டியை இறக்கினார்கள். துரைக்கண்ணு மறக்காமல் ஃபில்டரையும் ஒரு பையில் போட்டு அனுப்பியிருந்தார். தூக்கி வந்தவர்களில் ஒருவர் அதை அதன் இடத்தில் இறக்கி, மூடியைத் திருகிவிட்டுப் போனார்.

தண்ணீர் நிரப்ப அரை நாள் ஆனது. கொடைக்கானல் தண்ணீர், விரலை விட்டால் நகம் நீலமாகிவிடும். சந்தியாகு சாமி கும்பிட்டு சுவிட்ச்போர்டைத் தட்டினார்.

பம்ப் உறுமியது. தண்ணீர் ஏதோ வேண்டாவெறுப்பாக நகர்ந்தது. ஹீட்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டு தயாரானது. சுவிட்ச் தகட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. தகட்டில் தண்ணீர் லேசாக உரசியது. அவ்வளவுதான்.

தகடு சாயவில்லை. திரையில் ஃப்ளோ என்று வந்தது.

"ஆரம்பிச்சுட்டான்!" என்று கத்தியது ஹீட்டர். "டேய் பொடியா, புது வீட்டுக்கு வந்திருக்கோம். முதல் நாள்கூட உன் வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டியா?"

"தண்ணி வரலையே அண்ணே. வராத தண்ணிக்கு நான் எப்படிச் சாயறது?"

"கொஞ்சம் வருதில்ல? அது போதும். வழியை விடு."

"போதாது. உங்க மேல தண்ணி ஓடினாத்தான் உங்க சூடு அது வழியாப் போகும். ஓடலைன்னா அந்தச் சூடு உங்களையேதான் தின்னும்."

"என் சூடு எனக்குத் தெரியாதா? நீ இருக்கிறது கட்டைவிரல் அளவு. எனக்குப் பாடம் நடத்தற!"

சுவிட்ச் பம்பைப் பார்த்துக் கேட்டது: "நீங்களாவது சொல்லுங்க அண்ணே. உங்களுக்குத் தண்ணி வருதா, இல்லையா?"

பம்புக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு இழுத்தாலும் ஃபில்டர் பக்கமிருந்து கால்வாசிதான் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பம்புக்கு வயசாகிவிட்டது என்று தன்னையே மாற்றிவிடுவார்களோ என்று அதற்குப் பயம்.

"நமக்கு எதுக்கப்பா வம்பு?" என்றது பம்ப். "நான் சுத்தறேன். என் வேலை சுத்தறதுதான்."

மிச்சம் ஃபில்டர். அது அமைதியாக, கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

"ஐயா," என்றது சுவிட்ச், "தப்பா நினைக்காதீங்க. உங்க மடிப்புக்குள்ள அழுக்கு அடைச்சிருக்கு. தண்ணி நுழைய வழியில்லை."

"அழுக்கா? என்னிடமா?" என்றது ஃபில்டர். "இந்தத் தொட்டியிலேயே அழுக்குக்கு எதிரி நான் ஒருவன்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தூசியை வெளியே விட்டிருக்கிறேனா?"

"விடாம உள்ளேயே வெச்சிருக்கீங்களே, அதைத்தான் சொல்றேன்."

"என் தலையைப் பார். எவ்வளவு வெள்ளை! பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஒருவராவது குறை சொன்னதுண்டா? கத்துவது நீ ஒருவன்தான். கத்துகிறவனிடம்தான் கோளாறு இருக்கும்."

ஹீட்டர் அதை ஆமோதித்து உறுமியது. பம்ப் கேட்காதது போலச் சுற்றியது. சுவிட்சுக்குக் குழாயிலேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று நாள் சந்தியாகு தானே பார்த்தார். தண்ணீரை இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றினார். பம்பில் காற்று அடைத்திருக்கும் என்று நட்டைத் தளர்த்தி, முகமெல்லாம் நனைந்தார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டார். ஒவ்வொரு முறையும் அதே மூன்று எழுத்துகள்.

"என்னங்க, நாலு நாளா ஐஸ் தண்ணியைக் காவல் காத்துக்கிட்டு இருக்கீங்க," என்றாள் செசிலி. "உங்க இடுப்பு வேற ஏதாவது சொல்லுதா?"

ஐந்தாம் நாள் மெக்கானிக் மாசிலாமணி வந்தார். ஊரில் பாதி கெய்சர்கள் அவர் கை பட்டவை. பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். வோல்டேஜ் பார்த்தார். சரி. ஹீட்டரின் கம்பியைச் சோதித்தார். சரி. பம்ப் மேல் கை வைத்துப் பார்த்தார். ஃபில்டரை எட்டிப் பார்த்து, வெள்ளை மூடியை ஒரு தட்டு தட்டி, "இது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஃபில்டர் சுவிட்சை ஒரு பார்வை பார்த்தது.

கடைசியாக மாசிலாமணி திரையைப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணே, கண்டுபிடிச்சாச்சு. ஃப்ளோன்னு போடுது பாருங்க. ஃப்ளோ சுவிட்ச் போயிடுச்சு."

"அதுவேவா சொல்லுது?"

"அதுவே ஒத்துக்குது அண்ணே. பேரோட சொல்லுது."

சுவிட்ச் திகைத்துப் போனது. வீட்டில் திருடன் என்று கத்தியவனைப் பிடித்து, திருடன் என்று நீயே சொன்னாயே என்று இழுத்துப் போவது போல இருந்தது. ஐயோ, நான் என் பேரைச் சொல்லவில்லை, தண்ணீரைச் சொன்னேன் என்று அது கத்தப் பார்த்தது. கத்த அதற்கு இருந்ததோ அந்த ஒரே வார்த்தை. திரையில் மறுபடி ஃப்ளோ என்று எரிந்தது.

"பாத்தீங்களா? மறுபடியும் சொல்லுது," என்றார் மாசிலாமணி.

கோயம்புத்தூரிலிருந்து புதுச் சுவிட்ச் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. மாசிலாமணி பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகினார். பழைய சுவிட்சைக் கொட்டகைச் சுவரில் இருந்த சின்ன மாடத்தில் செசிலி எடுத்து வைத்தாள். எதையும் உடனே தூக்கிப் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மாடத்தில் இருந்து பார்த்தால் தொட்டி நன்றாகத் தெரிந்தது. பழைய சுவிட்ச் பார்த்துக்கொண்டே இருந்தது. பம்ப் உறுமியது. தண்ணீர் நகர்ந்தது. புதுச் சுவிட்ச் தன் பளபளக்கும் தகட்டை நீட்டியது.

திரையில் ஃப்ளோ என்று வந்தது.

பழைய சுவிட்சுக்கு ஒரு நிமிஷம் அப்படி ஒரு சந்தோஷம். இப்போதாவது புரிந்துகொள்வார்கள். ஆளை மாற்றியும் அதே வார்த்தை வருகிறது என்றால், வார்த்தையில்தானே விஷயம் இருக்கிறது? இரண்டு பேர் சொன்னால் ஊர் நம்பாதா?

மாசிலாமணி தலையைச் சொறிந்தார்.

"டூப்ளிகேட் மால் அண்ணே. இப்பல்லாம் எல்லாமே இப்படித்தான் வருது. புதுசும் பழசு மாதிரியே கெட்டுப்போயிருக்கு."

மாடத்திலிருந்து சுவிட்ச் கீழே விழாமல் இருந்தது அதிசயம்.

"இன்னொன்னு வரவழைக்கணும்னா இன்னும் ரெண்டு வாரம்," என்றார் மாசிலாமணி. "வேணும்னா ஒண்ணு செய்யலாம். இந்தச் சுவிட்ச் இல்லாமயே டைரக்டா கொடுத்துடலாம். ரெண்டு வயரையும் முறுக்கி விட்டா வேலை முடிஞ்சுது. நிறைய இடத்துல அப்படித்தான் ஓடுது."

"அப்போ அந்தச் சுவிட்ச் எதுக்கு வெச்சிருக்கான்?" என்று கேட்டாள் செசிலி.

"அது சும்மா ஒரு சேஃப்டிக்கு அக்கா."

"சும்மாவா, சேஃப்டிக்கா?"

"செசிலி," என்றார் சந்தியாகு. அவர் குரல் கெஞ்சியது. அன்று காலையில் செருப்பு மாட்டவே அவருக்குப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. "ஒரு தடவை வெந்நீர்ல உட்காந்துடறேன். அப்புறம் நீ என்ன வேணா கேளு."

செசிலி அவர் முகத்தைப் பார்த்தாள். மாசிலாமணிக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.

மாசிலாமணி இரண்டு வயர்களையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினார். சூடு மிஞ்சினால் நிறுத்துகிற ஏற்பாடும் அதே வயரில்தான் இருந்தது. அந்த முறுக்கில் அதுவும் ஊமையாகிவிட்டது. புதுச் சுவிட்ச் குழாய்க்குள் தகட்டை நீட்டிக்கொண்டு நின்றது. இனி அது சொல்வது யாருக்கும் போய்ச் சேராது.

திரையில் ஃப்ளோ மறைந்தது. ஹீட்டர் சிவந்தது.

"அப்பாடா!" என்று கூவியது ஹீட்டர். "இதுதான் வேலை! இத்தனை நாள் அந்தப் பொடியன் என்னைக் கட்டிப்போட்டு வெச்சிருந்தான்."

"பார்த்தாயா? நான் அப்போதே சொன்னேன்," என்றது ஃபில்டர்.

பம்ப் மூச்சை இழுத்துச் சுற்றியது.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் சூடாகியிருந்தது. சந்தியாகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து உள்ளே இறங்கினார். கழுத்து வரை அமிழ்ந்தார். "செசிலி, வலி எங்கேயோ போயிருச்சு" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது.

இடிந்த தூணைச் செசிலி அந்த ஒரு நிமிஷம் மன்னித்துவிட்டாள். மாடத்தில் இருந்த சுவிட்சுக்குக்கூட மனசு இளகியது. ஒருவேளை நான்தான் தப்போ என்று அது முதல்முறையாக நினைத்தது. இத்தனை பேர் சந்தோஷமாக இருக்கும்போது, இல்லை இல்லை என்று ஒருவன் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடும்.

அடுத்த நாளிலிருந்து சந்தியாகு முதுகு முழுக்க வலித் தைலம் தேய்த்துக்கொண்டு இறங்கினார். அப்படி உட்கார்ந்தால் இன்னும் இதமாக இருந்தது. தைலம் தண்ணீரில் மிதந்தது. மிதந்து மிதந்து ஃபில்டரிடம் போய்ச் சேர்ந்தது. ஃபில்டர் அதையும் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. மடிப்புகளில் மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைத்தது.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். சந்தியாகு தொட்டிக்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பம்பின் சத்தம் மாறியது. உறுமல் போய், தொண்டை வறண்டவன் இருமுவது போல ஒரு கரகரப்பு.

"எனக்கு ஒரு சொட்டு வரலை," என்றது பம்ப். முதல்முறையாக உண்மையைச் சொன்னது. ஆனால் மிக மெதுவாகச் சொன்னது.

"எனக்கென்னவோ ரொம்ப சூடா இருக்கே," என்றது ஹீட்டர்.

குழாய்க்குள் புதுச் சுவிட்ச் விறைத்து நிமிர்ந்து நின்றது. ஓட்டம் இல்லை, ஓட்டம் இல்லை என்று கத்தியது. டேப் சுற்றிய முறுக்கு வழியாகக் கரண்ட் அதன் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. மாடத்திலிருந்து பழைய சுவிட்சும் கத்தியது.

"அண்ணே, அணைஞ்சுடுங்க! தண்ணி இல்லை! அணைஞ்சுடுங்க!"

"எப்படிடா அணையறது?" ஹீட்டரின் குரலில் இப்போது கோபம் இல்லை, பயம் இருந்தது. "என்னால தானா அணைய முடியாதே! என்னை நிறுத்து! யாராவது என்னை நிறுத்துங்கடா!"

அதை நிறுத்தக்கூடிய ஒரு ஆள் மாடத்தில் இருந்தது. இன்னொரு ஆளின் வாயை டேப் சுற்றி அடைத்திருந்தார்கள்.

ஹீட்டரைச் சுற்றி இருந்த கொஞ்சத் தண்ணீர் கொதித்து ஆவியானது. குழாய் இளகி வளைந்தது. கம்பி வெடித்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் கொட்டகையை நிறைத்தது. கரண்ட் கசிந்தால் துண்டிப்பதற்காக வீட்டுக்குள் பெட்டியில் இருந்த ட்ரிப்பர் 'டப்' என்று விழுந்தது. அது விழுந்ததால் சந்தியாகு பிழைத்தார்.

செசிலி தையல் மிஷினை விட்டு ஓடிவந்தபோது, பலகை இடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. சந்தியாகு எழப் பார்த்தார், இடுப்பு எழவிடவில்லை. அவள் புடவையோடு உள்ளே இறங்கி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வெளியே இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் ஈரச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"சும்மா ஒரு சேஃப்டி," என்றாள் செசிலி.

மாசிலாமணி மத்தியானம் வந்தார். கருகிய ஹீட்டரைப் பார்த்து உச் கொட்டினார்.

"ஹீட்டர் போயிடுச்சு அக்கா. பழைய ஹீட்டர், என்ன பண்றது."

செசிலி அவருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஃப்ளோன்னா என்னங்க?"

"அது சுவிட்ச் பேரு அக்கா."

"பேரு சரி. அர்த்தம் என்ன?"

"ஓட்டம்னு அர்த்தம்."

"எதோட ஓட்டம்?"

"தண்ணியோட ஓட்டம்."

"அப்போ தண்ணி ஓடலைன்னுதானேங்க அது சொல்லிக்கிட்டு இருந்துருக்கு? பழசும் சொல்லுச்சு, புதுசும் சொல்லுச்சு. ரெண்டும் ஒண்ணா ஒரே பொய்யைச் சொல்லுமா? தண்ணி ஏன் ஓடலைன்னு நீங்க ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

மாசிலாமணி ஸ்க்ரூ டிரைவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"தண்ணி முதல்ல எது வழியா உள்ளே போகுது?"

அவர் ஃபில்டரின் வெள்ளை மூடியைக் காட்டினார்.

செசிலி மூடியைத் திருகினாள். அது கழன்று வந்தது. கீழே இருந்ததை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தொட்டி விளிம்பில் ஊன்றி இழுத்தாள். சேற்றிலிருந்து செருப்பு வருவது போல ஒரு சத்தத்தோடு ஃபில்டர் வெளியே வந்தது.

மூடிக்குக் கீழே அது வெள்ளை இல்லை. பழுப்பும் கறுப்புமாக, கொழகொழவென்று, மடிப்பு எது அழுக்கு எது என்று தெரியாமல் இருந்தது. ஆயிரம் மடிப்பு தைத்த கை அவளுடையது. விரலை விட்டு ஒரு மடிப்பைப் பிரித்தாள். எண்ணெயும் முடியும் திரண்டு தரையில் சொத்தென்று விழுந்தது.

சந்தியாகு போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ளே இருக்கிறது தெரியாமப் போச்சே," என்றார் மாசிலாமணி.

"தெரியாம இல்லை," என்றாள் செசிலி. "சொன்னதைத்தான் கழட்டி மாடத்துல வெச்சோம்."

ஃபில்டரை இரண்டு நாள் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, மடிப்பு மடிப்பாகப் பீய்ச்சிக் கழுவினாள். புது ஹீட்டர் வந்தது. கருகிய குழாயை வெட்டி வேறு வைத்தார்கள். மாசிலாமணி டேப்பை உரித்து, புதுச் சுவிட்சின் வயர்களைப் பழையபடி சேர்த்தார். பம்பைப் போட்டதும் தண்ணீர் பாய்ந்து வந்தது. தகடு சாய்ந்தது. தண்ணீர் சூடானது.

சந்தியாகு இடுப்பளவு வெந்நீரில் நின்று, கழுவின ஃபில்டரை அன்போடு தட்டிக்கொடுத்தார். "எல்லாமே இது கையிலதான் இருக்கு செசிலி. இவ்வளவு உழைச்சிருக்கு பாவம், நாம கவனிக்கலை."

"தங்கள் அன்புக்கு நன்றி," என்றது ஃபில்டர், அது யார் காதிலும் விழாது என்றாலும்.

செசிலி பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டியதைச் சாக்கில் சேர்த்தாள். கருகிய ஹீட்டர், வளைந்த குழாய், இடிந்த தூணின் கம்பிகள். மாடத்தில் இருந்த சுவிட்சைக் கையில் எடுத்தாள். அதன் தகட்டை விரலால் ஒரு முறை சாய்த்துப் பார்த்தாள். விட்டதும் நிமிர்ந்தது. மறுபடி சாய்த்தாள், மறுபடி நிமிர்ந்தது. ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் இடத்தில் இப்போது வேறொன்று இருந்தது. கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்துவிட்டு, அதையும் சாக்கில் போட்டாள்.

சாக்குக்குள் இருட்டாக இருந்தது. ஹீட்டர் கருகிய உடம்போடு சுவிட்சின் மேல் சாய்ந்து கிடந்தது. ஹீட்டர்தான் மெல்ல ஆரம்பித்தது. அதன் குரலில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் குற்றச்சாட்டும் இருந்தது.

"இவ்வளவு தெரிஞ்சவன், எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"